விரியாத கால்

கோபப்படுவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் ஜெயப்பிரியா. விளாத்திகுளத்துப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். காலையில் பிள்ளையாருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல் அவள் அப்பா காப்பி குடித்ததில்லை. அந்த வீட்டில் யாரும் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள், ஒரு மாசி மாதத்து மத்தியானத்தில், பிரசவ அறையில் அத்தனை பேர் முன்னிலையில், தனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற சிஸ்டரின் கையைத் தட்டிவிட்டாள். அது எப்படி நேர்ந்தது என்று முதலிலிருந்து சொன்னால்தான், அந்தக் கோபம் பாவமா இல்லையா என்று கேட்பவர்கள் முடிவு செய்துகொள்ள முடியும்.

நர்சிங் முடித்து, சில காலம் வேலை பார்த்துவிட்டு, பிரசவம் பார்ப்பதற்கென்றே உள்ள தனிப் பயிற்சிக்கு அவள் கோவில்பட்டி வட்டாரத்துக்கு வந்திருந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். சுற்றுவட்டாரக் கரிசல் ஊர்களிலிருந்து பெண்கள் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து பிள்ளை பெற்றுக்கொண்டு போகிற இடம். செவ்வாய்க்கிழமை, மாதாமாதம் பரிசோதனைக்கு வருகிற கர்ப்பிணிகளின் நாள். வராந்தா முழுக்க வயிறும் வளையலுமாக இருக்கும்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் மாரித்தாய் வந்தாள். புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரக் குடும்பம். புருஷன் வெயிலுமுத்து, அறுவடை முடிந்த காடுகளில் கிடை போட்டுக்கொண்டு ஆட்டோடு ஊர் ஊராகப் போய்விடுவான். கூட வந்தது மாமியார் பேச்சித்தாய். பரிசோதனைக் கட்டிலில் மாரித்தாய் ஏறிய விதத்தையே ஜெயப்பிரியா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையையும் ஊன்றி, இடது காலால் உந்தி, வலது காலைத் தனியாக ஒரு சாமானைத் தூக்கி வைப்பதுபோல எடுத்து வைத்தாள். முழங்காலை மடக்கச் சொன்னபோது இடது கால் மடங்கியது. வலது கால் உலக்கை மாதிரிக் கிடந்தது.

பேச்சித்தாய் அவசரமாகச் சேலையை இழுத்து அந்தக் காலை மூடினாள். வெளியில் இருப்பவர்கள் காதில் விழுந்துவிடக்கூடாது என்பதுபோலக் குனிந்து சொன்னாள். சிறுபிள்ளையில் இடுப்பு மூட்டில் சீழ் வைத்ததாம். ஆறும்போது எலும்போடு எலும்பு ஒட்டிக்கொண்டதாம். நடப்பாள், வேலை செய்வாள், கிடையில் குட்டிகளுக்கெல்லாம் அவள்தான் தாய். காலை மட்டும் மடக்கவும் வராது, பக்கவாட்டில் விரிக்கவும் வராது.

ஜெயப்பிரியா மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். மாரித்தாய் உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொண்டாள்.

"பெறுதப்ப இந்தக் காலை என்ன செய்வாக?" என்று கேட்டாள்.

ஜெயப்பிரியா பதில் தேடுவதற்குள் அவளே தொடர்ந்தாள். "செத்துப்போறதுக்குப் பயமில்ல தாயி. இழுத்துருவாகளோன்னுதான் பயமா இருக்கு. சின்னதுல ஒரு வைத்தியரு, நிமித்தித் தாரேன்னு பிடிச்சு இழுத்தாரு. அந்த வலி இன்னும் கனாவுல வருது."

"நான் இருப்பேங்கா. ஒருத்தரையும் இழுக்க விடமாட்டேன்" என்றாள் ஜெயப்பிரியா.

வாக்குக் கொடுப்பது சுலபமான காரியம்தான். ஆனால் அவள் அதோடு விடவில்லை. டாக்டர் கிருஷ்ணகுமாரை அழைத்துவந்து காட்டினாள். அவர் ஸ்கேனைப் பார்த்தார். பிள்ளை இறங்க இடுப்பெலும்பு வாயின் அகலம் போதும், பிள்ளை சின்னது, இடது பக்கம் ஒருச்சாய்த்துப் படுக்க வைத்துப் பின்பக்கமிருந்து எடுக்கலாம், சிக்கல் என்றால் ஆப்பரேஷனுக்குப் போகலாம் என்றார். ஜெயப்பிரியா அதைப் பிரசவ அறைக்குப் பொறுப்பான, வகுப்பும் எடுக்கிற சுந்தரம்மாள் சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள். சிஸ்டர் அப்போது மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஆகட்டும், நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சுந்தரம்மாள் சிஸ்டர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். துணைக்கு ஆளில்லாமல் வந்து கிடக்கிற பெண்ணுக்குத் தன் டிபன் கேரியரைத் திறந்து ஊட்டிவிட்டவர். மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போன நாளில், நின்றுபோன பஸ்ஸுக்குள்ளேயே ஒருத்திக்குப் பிரசவம் பார்த்தவர். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் அவரை அம்மா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவருடைய அறையில் ஒரு வழக்கம் இருந்தது. காலை விரிக்காதவள் வெட்கப்படுகிறாள், இல்லையென்றால் பிடிவாதம் பிடிக்கிறாள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: தொடையில் ஒரு அடி. அடியோடு ஒரு கேள்வியும் வரும். புருஷனோடு படுத்ததைச் சொல்லிக் காட்டுகிற கேள்வி. அதை இங்கே எழுத மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் பிள்ளை பெற்ற எத்தனையோ பெண்களுக்கு அது தெரியும். வலியில் கிடப்பவளிடம் நல்லவர்களும் அதைக் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் விளக்கேற்றிச் சாமி கும்பிடுகிறார்கள் என்பதுதான் ஜெயப்பிரியாவுக்கு வயிற்றை எரித்தது.

பாடத்தில் குறை ஒன்றுமில்லை. 'கூடுதல் கவனிப்பு தேவைப்படும் தாய்மார்கள்' என்று ஒரு அத்தியாயமே இருந்தது. கண் தெரியாதவள், காது கேளாதவள், வலிப்பு வருகிறவள், கை கால் முடியாதவள் எல்லாரும் ஒரே நாள் காலை வகுப்பில் வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விட்டார்கள். பரீட்சையில் அதிலிருந்துதான் பெரிய கேள்வி வந்தது. ஜெயப்பிரியாவோடு படிக்கிற பானு பக்கம் பக்கமாக எழுதி முதல் மார்க் வாங்கினாள். செய்முறைக்கு மட்டும் ஒரு ரப்பர் பொம்மை. வயிறு, இடுப்பு, பிள்ளை வருகிற வழி எல்லாம் உண்டு. தொடைக்குக் கீழே ஒன்றும் கிடையாது. காலை எங்கே வைப்பது என்று ஜெயப்பிரியா ஒருநாள் கேட்டாள்.

"காலு ஸ்டாண்டுல இருக்கும்ட்டி. உன் கண்ணு இருக்க வேண்டிய எடத்துல இருக்கட்டும்" என்றார் சிஸ்டர். வகுப்பே சிரித்தது. ஜெயப்பிரியாவும் சிரித்தாள். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்தபோதெல்லாம் அவளுக்கு வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

மாரித்தாய்க்கு வலி எடுத்தது ஒரு உச்சி வெயிலில். ஆம்புலன்ஸில் வந்து, படுத்த வண்டியிலேயே நேராக உள்ளே போய்விட்டாள். அதனால் அவள் நடப்பதை யாரும் பார்க்கவில்லை. துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. கட்டில் எல்லாம் நிறைந்துவிட்டது என்று சொல்லிப் பேச்சித்தாயைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். காலு வராது, காலு வராது என்று மாரித்தாய் சொல்லத்தான் செய்தாள். அந்த அறையில் முடியாது, வராது, மாட்டேன் என்று சொல்லாத பெண் யார்? அது அங்கே மின்விசிறிச் சத்தம் மாதிரி. யாரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜெயப்பிரியாவுக்கு அன்று பிள்ளை பெற்றவர்கள் வார்டில் வேலை. ஒரு குழந்தைக்குப் பால் குடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் பேச்சித்தாய் வந்து நின்றாள். ஒவ்வொரு வார்டாகத் தேடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"தாயி, நீ இங்கனயா இருக்க?" என்றாள். "அப்ப அங்கன அவகூட யாரு இருக்கா?"

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஜெயப்பிரியா ஓடினாள். வராந்தாவில் பாதி தூரம் போகும்போது அந்த அலறல் கேட்டது. பிரசவ வலியில் பெண்கள் கத்துவதை அவள் தினமும் கேட்கிறவள். அதற்கு ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. இது ஒரேயடியாக மேலே போய் அங்கேயே அறுந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மாரித்தாயின் இடது கால் ஸ்டாண்டில் இருந்தது. வலது காலின் கணுவைப் பானு இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சுந்தரம்மாள் சிஸ்டர் முழங்காலில் உள்ளங்கையை வைத்து வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தார். "வெக்கத்தை எல்லாம் வீட்டுல வச்சிட்டு வரணும். விரிட்டி காலை" என்று சொல்லிக்கொண்டே இன்னும் அழுத்தினார்.

ஜெயப்பிரியா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

பக்கத்துக் கட்டில்காரிகூட முனகுவதை நிறுத்தினாள்.

"என்னட்டி செய்யுத?" என்றார் சிஸ்டர்.

"அந்தக் காலு விரியாது சிஸ்டர். உங்ககிட்ட சொன்னேன். நீங்க அலமாரியப் பூட்டிக்கிட்டு இருந்தீங்க."

"பிள்ளைத் தலை வந்து நிக்கி. இப்ப வந்து எனக்குப் பாடம் நடத்துதியா? வெளிய போ. இனிமே ஒரு கேசுக்கும் உனக்கு என் கையெழுத்து கிடையாது."

பயிற்சி முடிய வேண்டுமானால் பார்த்த பிரசவம் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கையெழுத்து வேண்டும். ஜெயப்பிரியாவுக்கு அது தெரியும். அப்பாவின் முகம் ஒரு கணம் வந்து போனது.

"வேண்டாம் சிஸ்டர். கையெழுத்து வேண்டாம். காலை விடச் சொல்லுங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோபோல் இருந்தது.

அப்போதுதான் மாரித்தாய் அவளை அடையாளம் கண்டாள். எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"இருப்பேன்னு சொன்னியே. எங்க போன?"

ஜெயப்பிரியா கையை உருவிக்கொள்ளவில்லை. மாரித்தாய் தலையைத் திருப்பிச் சிஸ்டரைப் பார்த்தாள். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. உதடு கடிபட்டு ரத்தம் கசிந்தது.

"எங்க ஆடுக ஒருச்சாஞ்சு படுத்துத்தான் ஈனும்" என்றாள். "எத்தனையோ ஈத்துக்குப் பக்கத்துல இருந்திருக்கேன். ஒருநாளும் ஒரு ஆட்டோட காலை நாங்க இழுத்ததில்ல."

பானு கணுக்காலை விட்டாள். விட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஒதுங்கிப் போய்ச் சுவரோடு நின்றாள்.

அடுத்த வலி வந்துவிட்டது. சண்டை போட நேரமில்லை. ஜெயப்பிரியா இடது காலை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, மாரித்தாயை இடது பக்கமாகப் புரட்டினாள். இடது முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கச் சொன்னாள். வலது காலைத் தலையணை மேல் அதன்போக்கில் நீட்டி வைத்தாள். பின்பக்கமாகப் போய் நின்றாள். புத்தகத்தில் படித்ததுதான். உயிருள்ள ஒருத்திக்கு இப்படிச் செய்ததில்லை. முருகா என்று உள்ளுக்குள் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். போய்விடுவார் என்று ஜெயப்பிரியா நினைத்தாள். போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கமாக வந்து, குனிந்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டார். நல்லாயிருக்கு என்றார், யாரையும் பார்க்காமல். தலை முழுசாக வரும் நேரத்தில், "இப்ப முக்காத. வாயால மூச்ச விடு, போதும்" என்று மாரித்தாயிடம் சொன்னார். ஜெயப்பிரியாவின் கை எங்கே தடுமாறியதோ அங்கே தன் கையைக் கொடுத்துத் தாங்கினார். ஐந்து நிமிடம் முன்னால் அந்தக் காலை அழுத்திய அதே கை. அதில் இவ்வளவு பக்குவம் இருப்பதைப் பார்த்தபோது ஜெயப்பிரியாவின் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது. இந்தக் கையால் இதைச் செய்ய முடியுமென்றால், பின் ஏன்?

பெண் குழந்தை. நன்றாக அழுதது. பிள்ளை வந்த வழியில் ஒரு கிழிசல் இல்லை.

ஆனால் வலது கால் அன்று சாயங்காலத்துக்குள் இடுப்பிலிருந்து வீங்கிவிட்டது. டாக்டர் கிருஷ்ணகுமார் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு முறியவில்லை, ஒட்டின மூட்டைச் சுற்றியுள்ள சதை பிய்ந்திருக்கிறது, பல வாரம் கால் ஊன்றக்கூடாது என்றார். யார் இழுத்தது என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜெயப்பிரியா திறக்கப் போனாள். அதற்குள் அவரை ஆப்பரேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் வெயிலுமுத்து வந்தான். கிடையைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் மாறி வந்திருக்கிறான். கரிசல் மண் செருப்போடு அப்பிக் காய்ந்திருந்தது. குழந்தையைத் தொடவில்லை, கையைக் கழுவிவிட்டுத் தொடுகிறேன் என்றான். வீங்கிய காலைப் பார்த்தான். நடப்பாளா என்று மட்டும் கேட்டான். நடப்பாள், நாளாகும் என்று ஜெயப்பிரியா சொன்னாள். வார்டைச் சுற்றிப் பார்க்கச் சுந்தரம்மாள் சிஸ்டர் வந்தபோது, அவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தான். "உசுரு ரெண்டையும் காப்பாத்திட்டீக அம்மா. நீங்க நல்லா இருக்கணும்" என்று இரண்டு கையும் கூப்பினான்.

சிஸ்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்தக் கும்பிடைத்தான் ஜெயப்பிரியாவால் பொறுக்க முடியவில்லை. வலியைவிட, வீக்கத்தைவிட, அந்தக் கும்பிடு. ஏழைகள் கும்பிடுகிற கும்பிடெல்லாம் இப்படித்தான் தெரியாமல், நோகடித்தவர் காலடியிலேயே போய் விழுகிறதா என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் வகுப்பில், எல்லார் முன்னாலும் எழுந்து மன்னிப்புக் கேட்கும்படி சிஸ்டர் சொன்னார். ஜெயப்பிரியா எழுந்தாள். கையைத் தட்டியதற்கும் குரல் உயர்த்தியதற்கும் மன்னிப்புக் கேட்டாள். மனதாரத்தான் கேட்டாள். பிறகு உட்காராமல் நின்றாள்.

"மாரித்தாய் அக்காட்ட யாரு கேக்கப் போறா சிஸ்டர்?"

சிஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார். நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகும், நாளைக்குக் கேஸ் என்று போவார்கள், வேலைக்கு வந்தால் தெரியும் என்றார். குரலில் கோபத்தைவிட அலுப்புத்தான் அதிகம் இருந்தது. ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை கை இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். ஆட்கள் போதாதது சிஸ்டர் செய்த குற்றமில்லை.

"காதுல வாங்குறதுக்குக் கை வேண்டாமே சிஸ்டர்" என்றாள் ஜெயப்பிரியா.

வகுப்பு அத்தோடு முடிந்தது. கையெழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு சின்ன மாரியம்மன் உண்டு. பிள்ளை பெற வருகிறவர்கள் கட்டிய வளையல் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஜெயப்பிரியா அங்கே போய் நின்றாள். இத்தனை காலமும் கோபம் வந்தால் அதை எடுத்துவிடு என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அன்று அப்படி வேண்ட வாய் வரவில்லை. இது இருக்கட்டும் தாயே, இதைவைத்து நான் யாருக்கும் கெடுதல் செய்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள் என்று கேட்டாள்.

வார்டுக்குத் திரும்பியபோது மாரித்தாயின் கட்டிலடியில் பானு தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பாத்திரம் வெந்நீர். துணியை முக்கிப் பிழிந்து இடுப்பிலும் தொடையிலும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் டூட்டி எப்போதோ முடிந்துவிட்டது. வெயிலுமுத்து சுவரோரம் குத்தவைத்து, குழந்தையை மடியில் வைத்திருந்தான். பேச்சித்தாய் ஒரு பக்கமாகத் திரும்பி மூக்கைச் சிந்தினாள். பானு ஏதோ சொல்லிவிட்டாள் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"அந்தக் கணுக்காலைப் பிடிச்சிருந்தது நான்தான், அண்ணாச்சி" என்றாள் பானு மறுபடியும், ஜெயப்பிரியா காதிலும் விழட்டும் என்பதுபோல. "அழுத்தினது சிஸ்டரு. யாரு கேட்டாலும் சொல்லுவேன். டாக்டர்கிட்டயும் போய்ச் சொல்லப் போறேன். நீங்க எங்களக் கும்பிட்டிருக்கக் கூடாது."

"நானும் வாரேன் பானு" என்றாள் ஜெயப்பிரியா.

வெயிலுமுத்துவின் கழுத்து நரம்பு எழும்பி நின்றது. மடியில் குழந்தை இல்லாதிருந்தால் எழுந்திருப்பானோ என்னவோ. மாரித்தாய்தான் பேசினாள்.

"நீதான் பிடிச்ச, தெரியும். உன் கை குளுந்து கெடந்துச்சு. முதல்ல விட்டதும் நீதான்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "வலிக்கத்தான் செய்யுது. சும்மா சொல்லக் கூடாது. ரொம்ப வலிக்கி" என்றாள்.

பானு துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

வெயிலுமுத்து குழந்தைக்கு விலகியிருந்த துணியை இழுத்து மூடினான். "இனி வாரவ ஒருத்தி காலையும் பிடிச்சிராதீக. அது போதும்" என்றான். சொல்லிவிட்டு முகத்தைக் குழந்தைப் பக்கம் திருப்பிக்கொண்டான். அது மன்னிப்பா, எச்சரிக்கையா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

தண்ணீர் ஆறிப்போயிருந்தது. ஜெயப்பிரியா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள்.